நிலநடுக்கத்தை நேரலையாகக் கணினியில் பார்க்க எந்த மென்பொருள் நல்லது?

போனில் நிலநடுக்க ஆப் இருக்கிறது, அதைவிட நேரடியாகப் பார்க்க வழி உண்டா, புரோகிராமிங் தெரியாது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் வைத்திருப்பது ஸ்வார்ம் (Swarm) என்ற மென்பொருள்.

ஆப்பில் வருவது கணக்குப் போட்டு முடித்த விடை. பல நில அதிர்வு நிலையங்களின் பதிவைச் சேர்த்து, மையம் எங்கே, அளவு எவ்வளவு என்று கண்டுபிடித்த பிறகுதான் அறிவிப்பு வரும். ஸ்வார்மில் தெரிவது நிலையத்தின் அதிர்வுக் கருவி எழுதிக்கொண்டிருக்கும் கோடு.

அலாஸ்கா எரிமலை ஆய்வகத்தில் உருவானது, இலவசம், அது ஓட ஜாவா என்ற மென்பொருளும் கணினியில் வேண்டும். முதலில் நிலையங்களின் பதிவை நேரலையாக அனுப்பும் சீட்லிங்க் (SeedLink) சர்வர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜெர்மனியின் ஜியோஃபோன் (GEOFON), அமெரிக்காவின் எர்த்ஸ்கோப் (EarthScope) இரண்டின் சர்வர்களும் பொதுவில் திறந்திருப்பவை; போர்ட் எண் கேட்டால் 18000. நிலையப் பட்டியல் நீளம், கொஞ்சம் பொறுங்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது கண்டி அருகே பல்லேகலை. பட்டியலில் அதன் பெயர் பி.ஏ.எல்.கே (PALK). அதில் பி.எச்.இசட் (BHZ) சேனலைத் திறந்தால் நிலத்தின் மேல்கீழ் அசைவு வரிவரியாக ஓடும்.

என்ன பார்ப்பீர்கள்? 2025 மார்ச் 28 மியான்மர் நடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நேரப்படி காலை 11:50. அங்கிருந்து பல்லேகலை சுமார் 2,300 கி.மீ. முதல் அலையான 'பி' வந்து சேரவே கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் ஆகும். 'எஸ்' அலை இன்னொரு நாலு நிமிடம் கழித்து. மேற்பரப்பு அலைகள் கடைசியில்தான் வரும், ஆனால் கோட்டைப் பெரிதாக ஆட்டிவைப்பது அவைதான்.

ஒரு எச்சரிக்கை. முதல் வாரம் கோடு துடித்ததுமே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எந்தப் பட்டியலிலும் நடுக்கம் வரவில்லை. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஏதோ அதிர்வு போலிருக்கிறது. அப்புறம் இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியாவின் நிலையத்தையும் கூடவே திறந்துவைக்க ஆரம்பித்தேன். இரண்டிலும் சில நிமிட இடைவெளியில் துடித்தால்தான் நம்புவேன். திரையில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜாவாவோடு மல்லுக்கட்ட விருப்பமில்லையா? வீட்டில் வைக்கும் நில அதிர்வுக் கருவியான ராஸ்ப்பெர்ரி ஷேக்கின் (Raspberry Shake) ஸ்டேஷன்வியூ தளம் பிரவுசரிலேயே திறக்கும். வீடுகளில் வைத்த சிறு கருவிகளும் அதில் உண்டு. நண்பர் ஒருவர் வீட்டிலும் அந்தக் கருவி இருக்கிறது. மாவு அரைக்கும் நாளில் கிரைண்டர் ஓடி முடியும்வரை கோடு தடித்தே கிடக்கும்.