பாப்கேட்டில் ரோலர் மாட்டி மண் இறுக்குவது: கேட்டதும் சொன்னதும்

பாப்கேட் என்ற சின்ன லோடர் வண்டியின் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, மண்ணை இறுக்க வைப்ரேட்டரி ரோலர் (அதிரும் உருளை) மாட்டி ஓட்டுவதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மாதவரம் முதல் எண்ணூர் வரை 14 வருடமாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொடுங்கையூரிலிருந்து: அண்ணே, எங்கள் சந்துக்குள் பெரிய ரோலர் நுழையாது. பாப்கேட் ரோலர் போட்டால் அதே வேலை நடக்குமா?

நடக்கும், ஆனால் மண்ணை மெல்லிசாகப் பரப்ப வேண்டும். சாலை வேலைக்கு வரும் ரோலர் 10, 11 டன். இந்த அட்டாச்மென்ட் ஏறக்குறைய ஒரு டன்தான். டிரம்முக்குள் சுற்றும் எடை தரும் அதிர்வு கைகொடுத்தாலும் அது ஆழமாக இறங்காது. அதனால் ஒரு லேயருக்கு அரை அடிக்கு மேல் கொட்டாதீர்கள்.

ஆரம்ப காலத்தில் ஒரு குடோன் வேலையில் அவசரப்பட்டு 2 அடி மண்ணை ஒரே தடவையில் கொட்டி ஓட்டினேன். மேலே நடந்தால் சிமென்ட் தரை மாதிரி இருந்தது. ஐப்பசி மழை முடிந்ததும் நடுவில் பள்ளம் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் மேல் அரை அடிதான் கெட்டி, கீழே கையால் அள்ளலாம். அந்தத் தரையை என் செலவில்தான் திரும்பப் போட்டேன்.

மணலியிலிருந்து: களிமண் நிலம் சார். எத்தனை தடவை ஓட்டினாலும் டிரம் போன இடம் அமுங்கி, பின்னாலேயே எழும்புகிறது.

ஓட்டுவதை நிறுத்துங்கள். மண்ணில் தண்ணீர் அதிகம். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேறினால்தான் மண் இறுகும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால், களிமண்ணிலிருந்து அது சீக்கிரத்தில் வெளியே வராது. இன்னும் பத்து தடவை ஓட்டினால் இன்னும் குழையும், அவ்வளவுதான்.

பக்கெட்டை மாட்டி மண்ணைக் கிளறி ஒன்றிரண்டு நாள் வெயிலில் உலர விடுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். கையில் ஈரம் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பிசுபிசுத்தால் ஈரம் அதிகம், பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். களிமண்ணுக்கு வழுவழு டிரம்மும் சரிப்படாது. குமிழ் வைத்த பேட்ஃபுட் டிரம் கேட்டு வாங்குங்கள், அது பிசைந்து அழுத்தும். மழைக்காலம் என்றால் நான் இந்த வேலையையே ஒப்புக்கொள்வதில்லை. மேல் மண்ணை எடுத்துவிட்டு கிராவல் அடிக்கச் சொல்வேன்.

திருவொற்றியூரிலிருந்து: இங்கே கடல் மணல். ஓட்ட ஓட்ட மேலே பொலபொலவென்று ஆகிறதே?

மணலுக்கு வழுவழு டிரம்மும் அதிர்வும்தான் சரி. தண்ணீரைத் தாராளமாக விடுங்கள், லேசான ஈரம் மட்டும் இருந்தால் மணல் உப்பிவிடும். மேல் இரண்டு மூன்று அங்குலம் அதிர்வில் தளர்வது சகஜம், கீழே இறுகியிருக்கும். கடைசி இரண்டு தடவை வைப்ரேஷனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ராயபுரத்திலிருந்து: பக்கத்து வீடு சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய வீடு. விரிசல் விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அம்மா. சுவரை ஒட்டி வைப்ரேஷன் போடவே கூடாது. அங்கே மண்ணை 3, 4 அங்குலமாகப் பரப்பி திமிசு (கையால் தூக்கி இடிக்கும் கட்டை) போட்டு இடிக்கச் சொல்லுங்கள். பழைய கொத்தனார்கள் அப்படித்தான் செய்தார்கள். வேலை தொடங்கும் முன் அந்த வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு, ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் பஞ்சாயத்து வராது.

புதிதாக ஓட்டும் தம்பி: ரோலரைத் தாங்கும் ஆர்மை (கையை) கீழே அழுத்திப் பிடித்தால் இன்னும் நன்றாக இறுகும்தானே?

இல்லை தம்பி. முன் சக்கரம் தூக்கும், அதிர்வு மண்ணுக்குப் போகாமல் வண்டிக்கும் உன் இடுப்புக்கும் வரும். லிஃப்டை ஃப்ளோட்டில் (ஆர்ம் அழுத்தாமல் தரையோடு தானாக ஏறி இறங்கும் நிலை) போட்டு ரோலரை அதன் எடையிலேயே விடு. வண்டி நகர்ந்த பிறகு வைப்ரேஷன் போடு, நிற்பதற்கு முன் அணை. நின்ற இடத்தில் அதிர்ந்தால் குழி விழும். அப்புறம், இறுக்கிய லேயர் மேல் வண்டியைச் சுழற்றாதே. டயர் அதைச் சுரண்டிவிடும்.

இன்னொருவர்: ரோலர் மோட்டாரில் ஆயில் சீல் அடிக்கடி போகிறது.

மெலிசாக மூன்றாவது ஹோஸ் ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது கேஸ் டிரெய்ன், மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் திருப்பி டேங்குக்கு அனுப்பும் ஹோஸ். அதை இணைக்காமல் ஓட்டினால் சீல் தாங்காது.

மற்றொருவர்: மண் இறுகியதா என்று கம்பி குத்திப் பார்த்தால் போதுமா, டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

வீட்டு வாசலுக்குக் கம்பி போதும். குடோன், லாரி நிற்கும் யார்டு என்றால் ஐஎஸ் (இந்தியத் தர விதி) 2720 பாகம் 28-ன்படி மணல் ஊற்றி அடர்த்தி பார்க்கும் சோதனை எடுங்கள். நெடுஞ்சாலை வேலைகளில் சாலைக்காக உயர்த்திப் போடும் கரை மண்ணுக்கு, அதே மண்ணை ஆய்வகத்தில் இறுக்கிக் கண்ட அதிகபட்ச அடர்த்தியில் 95 சதவீதமும், சாலைக்கு நேர் கீழுள்ள மண்ணுக்கு 97 சதவீதமும் கேட்பார்கள். சோதனையை ஒவ்வொரு லேயருக்கும் எடுங்கள். மேல் லேயரில் மட்டும் எடுத்திருந்தால் என் குடோன் தரைகூட பாஸ் ஆகியிருக்கும்.