சாக மறுக்கும் செல்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. இடுப்பிலும் தொடையிலும் ஆறு வருடமாகச் சிவந்த திட்டுகள். படை என்று களிம்பு போட்டு வந்தேன். இரண்டாவது பயாப்ஸியில் ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’, தோலில் வரும் லிம்போமா, ஆரம்ப நிலை என்று வந்திருக்கிறது. “சாக வேண்டிய செல்கள் சாகவில்லை” என்றார் டாக்டர். புற்றுநோய் என்கிறார், ஆனால் கீமோ வேண்டாம், லைட் சிகிச்சை போதும் என்கிறார். அது எப்படிப் போதும்?

பதில்: பெயரில் ஃபங்கஸ் இருந்தாலும் இது பூஞ்சை நோய் இல்லை. 1806-ல் இதைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் அலிபெருக்கு, முற்றிய கட்டிகள் காளான் போலத் தெரிந்தன. பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடம் வீணாகிவிட்டதே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் மைக்ராஸ்கோப்பில்கூட இது எக்ஸிமா போலவே இருக்கும்.

உங்கள் டாக்டர் சொன்னது சரியான விளக்கம். லிம்போமா என்பது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் வரும் புற்றுநோய். உங்களுக்கு வந்திருப்பது அவற்றில் ‘டி செல்கள்’ என்ற வகையில். சளி பிடித்தால் டி செல்கள் பெருகிக் கிருமியோடு சண்டை போடும். சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துவிட வேண்டும். அதற்காகச் செல்லின் மேற்பரப்பில் ‘ஃபாஸ்’ என்ற புரதம் இருக்கிறது, காலிங் பெல் மாதிரி. அதை அழுத்தினால், செல் தன்னைத்தானே துண்டு துண்டாக்கிக்கொள்ளும். பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிடும். இந்த நோயில் பலருக்கு அந்த ஃபாஸ் குறைந்தோ பழுதாகியோ இருக்கிறது. சிலருக்குச் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 போன்ற புரதங்கள் அதிகம். அதனால் செல்கள் வேகமாகப் பெருகுவதை விட, சாகாமல் தோலில் தங்கித் தங்கிச் சேர்கின்றன. உங்களுக்கு ஆறு வருடமாக மெதுவாக நகர்ந்ததும் அதனால்தான்.

கீமோ பெரும்பாலும் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் தாக்கும். 103 பேரிடம் நடத்தி 1989-ல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலேயே கடும் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்கள், மென்மையான சிகிச்சையில் தொடங்கியவர்களை விட அதிக காலம் வாழவில்லை. பக்கவிளைவுதான் கூடியது. லைட் சிகிச்சையின் புற ஊதாக் கதிரோ தோலுக்குள் இருக்கும் டி செல்களின் டிஎன்ஏவைக் காயப்படுத்தி, வேறு வழியில் அவற்றைச் சாக வைக்கிறது. இந்த நோய் இடுப்பு, தொடை என்று வெயில் படாத இடங்களில் அதிகம் வருவதையும் கவனியுங்கள்.

விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை, உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். திட்டுகள் பத்து உள்ளங்கைக்கும் குறைவாக இருந்தால், பெரும்பாலானவர்களின் ஆயுள் மற்றவர்களுடையதைப் போலவே இருக்கும். வாரம் இரண்டு மூன்று முறை லைட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அலுப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கும் களிம்பை இன்றே நிறுத்துங்கள். திட்டு தடித்துக் கட்டியானாலோ, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினாலோ, அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.