ராத்திரி டியூட்டியில் யார் பொறுப்பு?

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ராத்திரியில் பிரசவம் முழுக்க நாங்கள்தான் பார்க்கிறோம். டாக்டர் போனில் சொல்வார், காலையில் வந்து கையெழுத்துப் போடுவார். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் தாங்களே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுகிறார்களாமே, இங்கேயும் வருமா? வந்தால் நல்லதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கட்டாயம் வரவேண்டும். அங்கேயும் அது லேசில் வந்துவிடவில்லை. 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி அது. இன்றைக்கு முதுநிலைப் படிப்பு, தனி உரிமம் எல்லாம் இருந்தும் பாதிக்குச் சற்று மேற்பட்ட மாநிலங்களில்தான் முழு சுதந்திரம். மற்ற இடங்களில் ஏதோ ஒரு வகையில் டாக்டரைச் சார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்புறம் என்று விட்டுவிட்டார்கள். ராத்திரி 2 மணிக்கு, நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை ஏற்றி, வயிற்றின் மேல் கைவைத்துக் கர்ப்பப்பை இறுகும்வரை தேய்த்துக்கொண்டே, 108ஐக் கூப்பிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று யோசிப்பது நீங்கள்தானே? ஏதாவது ஆகிவிட்டால் ‘யாரைக் கேட்டுச் செய்தாய்’ என்று விசாரணை. நல்லபடியாக முடிந்தால் அந்த முடிவை எடுத்தது நீங்கள் என்று எந்தத் தாளிலும் இருக்காது. இது பெரிய அநியாயம்.

2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில், டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர இடம் கொடுத்தது. அரைகுறைப் படிப்போடு வைத்தியமா என்று டாக்டர்கள் கொதித்தார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன், ஆனால் அதற்கு வழி முறையான படிப்புதான். 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி உண்டு, சிக்கலில்லாத பிரசவத்தை அவர்களே பொறுப்பேற்று நடத்துவதற்காக. வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. நர்ஸ் இருக்கிறாரே என்று கிராமத்து டாக்டர் பணியிடத்தைக் காலியாகப் போட்டால், அதை நீங்களே முதலில் எதிர்க்க வேண்டும்; சிக்கலான கேஸ் வரும்போது தவிக்கப்போவது நீங்களும் அந்தத் தாயும்தான்.

சரி, இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். போன் செய்த நேரம், டாக்டர் சொன்னது, நீங்கள் செய்தது மூன்றையும் கேஸ் ஷீட்டில் அப்போதைக்கப்போதே எழுதிவிடுங்கள், காலை வரை வைக்காதீர்கள்.

அன்புடன்