கருந்துளை வெறும் ஓட்டைதானே, அதை யார் சுற்றிவிட்டது?

இரவில் ஏதோ காணொளி பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கோ இந்தக் கேள்வியால் ஒரு வேலையே போனது.

2017, ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் நேர்காணல். ஆறு மணி நேரம் பேருந்தில் போய் இறங்கினால், வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எளிது என்று ஆரம்பித்தேன். விண்மீன்கள் எல்லாமே கொஞ்சமாவது சுற்றும், நம் சூரியனே நடுக்கோட்டில் சுமார் 25 நாளுக்கு ஒரு சுற்று. பெரிய விண்மீனின் மையம் இடிந்து சுருங்கித்தான் கருந்துளை ஆகிறது, அப்போது கோண உந்தம், அதாவது அதனிடம் உள்ள சுழற்சியின் மொத்த அளவு, சும்மா மறைந்துவிடாது, அதனால் வேகம் எகிறும். வெடித்த விண்மீனின் மிச்சமான நண்டு நெபுலாவின் நடுவில், அப்படிச் சுருங்கிப் பிறந்த நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 30 முறை சுற்றுகிறது. கையை மடக்கியதும் வேகமாகச் சுற்றும் பாடப்புத்தகத்துப் பனிச்சறுக்கு நடனக்காரியையும் விடவில்லை (பனியையே பார்க்காத ஊரில் இதை ஏன் சொல்லித்தருகிறோமோ, சுழல் நாற்காலி போதாதா).

"சரி, சுழலாத இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று இணைந்தால்?"

"அதுவும் சுழலாது சார்." பூச்சியமும் பூச்சியமும் பூச்சியம்தானே! அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரை அனுப்பச் சொன்னார்.

வயிறெரிச்சல் என்னவென்றால், 2015 செப்டம்பரில் பிடிபட்ட முதல் ஈர்ப்பலையை (இடமும் காலமும் சேர்ந்த காலவெளியில் பரவும் அதிர்வு) பற்றி நானே பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருந்தேன். சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் சேர்ந்து 62 ஆனது, மிச்சம் 3 அலையாகப் போனது, எல்லாம் மனப்பாடம். அதை அறிவித்த ஆய்வுத்தாளில் புதிய கருந்துளையின் சுழற்சி 0.67 என்று இருந்தது, அதிகபட்சம் 1 என்று வைத்தால். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நேராக ஓடிவந்து, உரசிப்போகும்போது கையைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். கருந்துளைகளும் இணையுமுன் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தக் கோண உந்தத்தில் ஒரு பங்கை அலைகள் கொண்டுபோனாலும் மீதி உள்ளே தங்கிவிடும். சுழலாத, சம எடையுள்ள இரண்டு சேர்ந்தாலே 0.69 வாக்கில் வரும்.

வாயுவை விழுங்கியும் வேகம் ஏறும், எதிர்த்திசையில் சுற்றும் வாயு விழுந்தால் குறையும். சிக்னஸ் எக்ஸ்-1 மாதிரி இளம் கருந்துளைகளுக்கு அவ்வளவு தின்ன நேரமே இல்லை, ஆனாலும் அதன் சுழற்சி 0.95-க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதனால் பிறவியிலேயே வந்தது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஓட்டையில் எது சுழல்கிறது என்றால், சுற்றியுள்ள காலவெளியே இழுபட்டுச் சுழல்கிறது. 1963-இல் ராய் கெர் என்ற கணிதவியலாளர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கண்ட தீர்வு அது. மேலோட்டமாகச் சொல்கிறேன், நிபுணர்கள் சண்டைக்கு வர வேண்டாம், சமன்பாடு எழுதினால் யார் படிப்பார்கள்.

அந்த வேலை தாளாளரின் உறவுக்காரருக்கு என்று முன்பே முடிவாகியிருந்ததாம், பிறகுதான் தெரிந்தது. அப்படியென்றால் பதினான்கு பேரை எதற்கு வரச்சொல்ல வேண்டும்? பேருந்துக் காசும் தரவில்லை, வாங்கி வைத்த அசல் மதிப்பெண் பட்டியலைத் திரும்ப வாங்க இன்னொரு முறை போனேன்.