டைட்டில் கார்டுல வர்ற பேரைப் பிடிங்க தம்பி!

வாசகர் கேள்விகள், இந்த வாரம் முழுக்க சினிமா

கேள்வி: அண்ணாச்சி, ராத்திரி சாப்ட்டுட்டு ஓடிடியத் தொறந்தா அரை மணி நேரம் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, கடைசில ஏற்கெனவே நாலு தடவ பாத்த படத்தையே போட்டுட்டு தூங்கிடுதோம். அதிகம் யாரும் பேசாத நல்ல படத்த எப்படித்தான் தேடிப் பிடிக்கது?
(கல்லூரி மாணவர், பேட்டை)

தம்பி, நேத்து நீங்க என்ன பாத்தீங்களோ அதே ஜாடையில இன்னொண்ணத்தத்தான் அந்த ஆப் எடுத்து நீட்டும். அதை நம்பி உக்காந்தா விடிஞ்சிரும். நான் பண்ணுறது பழைய வழிதான். ஒரு படம் மனசுல ஒட்டிக்கிச்சுன்னா டைட்டில் கார்டை மறுபடி ஓடவிட்டு கதை யாரு, வசனம் யாரு, கேமரா யாருன்னு பாத்து ஒரு நோட்டுல குறிச்சு வச்சுக்குவேன், அப்புறம் அந்தப் பேரு வேற எங்க வருதுன்னு தேடிட்டே போவேன். ஹீரோ பேரை எழுதுறதில்ல, அது சுவத்துலயே ஒட்டியிருக்கும்லா.

'உதிரிப்பூக்கள்' நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச படந்தான், 1979ல மகேந்திரன் எடுத்தது. அதுக்கு மூலம் நம்ம புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'. இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஒரே யோசனை, நம்ம பக்கத்து எழுத்தாளங்க இன்னும் எந்தெந்தப் படத்துக்குள்ள இருக்காவன்னு. அப்படித் தேடுனப்ப கிடைச்சதுதான் 'அவள் அப்படித்தான்'. 1978 தீபாவளிக்கு வந்த கறுப்பு வெள்ளைப் படம், ருத்ரய்யா டைரக்‌ஷன், கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூணு பேரும் இருந்தும் அப்ப சனம் பெருசா கண்டுக்கல. அதுல எழுத்துல கை வச்சவங்கள்ல வண்ணநிலவனும் ஒருத்தரு, பாளையங்கோட்டை ரெயினீஸ் ஐயர் தெருவ நாவலா எழுதுனாருல்லா, அவரேதான். மஞ்சுன்னு அதுல ஒரு பொண்ணு வருவா, ஒரு நேரம் சிரிச்சுப் பேசுவா, அடுத்த நேரம் முகத்துல அடிச்ச மாதிரி பேசிட்டுப் போவா, ஏன்னு நமக்குப் பையப் பையத்தான் புரியும். அந்தக் காலத்துல ஒரு பொம்பளைய இவ்வளவு மதிச்சு எழுதியிருக்காங்களேன்னு எனக்கு இப்பவும் ஆச்சரியம் தீரல. ருத்ரய்யா அதுக்கப்புறம் எடுத்தது 'கிராமத்து அத்தியாயம்' ஒண்ணுதான், ஆக மொத்தம் ரெண்டே படம். அதை நெனச்சா மனசு பொறுக்க மாட்டேங்கு.

இன்னொண்ணு சொல்லுதேன். 'காக்கைச் சிறகினிலே நந்தலாலா' ஏசுதாஸ் குரல்ல கேக்காத ஆளு நம்ம ஊருல உண்டா? அது எந்தப் படம்னு கேட்டுப் பாருங்க, ரொம்பப் பேரு முழிப்பாவ. 'ஏழாவது மனிதன்', 1982, ஹரிஹரன் இயக்குனது, தயாரிச்சது பாளை சண்முகம். ரகுவரன் அதுலதான் ஹீரோவா அறிமுகம், ஒல்லியா நெட்டையா கண்ணுல அப்பவே ஒரு தீ. சிமெண்ட் ஆலைக்கு வேலைக்கு வர்ற இஞ்சினியரு, அங்க ஆலையால சனங்க படுற பாட்டைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியாம திரும்பி நிக்கான், அதான் கதை. அது பாரதி நூற்றாண்டு சமயம், பாட்டெல்லாம் பாரதி பாட்டு, எல். வைத்தியநாதன் மியூசிக். தமிழ்ல சிறந்த படம்னு தேசிய விருதும் வாங்குச்சு. எட்டயபுரத்துக்காரரு பாட்டு, பாளையங்கோட்டைக்காரரு தயாரிப்பு, இதை நம்ம மறந்தா வேற யாரு ஞாபகம் வச்சுக்குவா சொல்லுங்க.

அப்புறம் இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனோட 'கிடை' குறுநாவல வச்சு அம்ஷன் குமார் எடுத்த 'ஒருத்தி', 2003. கிடைச்சா விட்டுராதீங்க.

கேள்வி: எங்க அம்மாவுக்கு அடிதடி பிடிக்காது, சீரியல் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சுங்காவ. அவிய கூட உக்காந்து பாக்குற மாதிரி ரெண்டு படம் சொல்லுங்க அண்ணாச்சி.
(வாசகி, அம்பாசமுத்திரம்)

தங்கச்சி, மொதல்ல 'பூ'. 2008ல சசி எடுத்தது, எஸ். தமிழ்ச்செல்வனோட 'வெயிலோடு போய்'ங்கிற சிறுகதைதான் அடிப்படை. சின்னக் கதை, முடிஞ்சா அதை அம்மைக்கு வாசிச்சுக் காட்டிட்டு படத்தப் போடுங்க. மாமன் மவனை மனசுல வச்சுட்டு கரிசக்காட்டு வெயில்ல நடக்குற மாரிய பார்வதி செஞ்சிருக்குற விதம், அந்தப் பொண்ணு நம்ம தெருவுலயே வளந்த மாதிரி இருக்கும்.

ரெண்டாவது 'கடைசி விவசாயி', 2022, மணிகண்டன் படம். மாயாண்டிங்கிற அந்தப் பெரியவரா வர்ற நல்லாண்டி நெசமாவே விவசாயிதான், படம் வெளிய வர்றதுக்கு முன்னாலயே தவறிட்டாரு. செத்துக் கிடந்த மயிலப் பாவம்னு குழி தோண்டிப் பொதச்சதுக்கு அவரு மேல கேஸ் விழுந்துரும். ஜெயில்ல இருக்குறவருக்கு கவலையெல்லாம் வயல்ல முளச்சு நிக்குற பயிருக்கு யாரு தண்ணி விடுவாங்கிறதுதான், அதைக் கேட்டு ஜட்ஜம்மா ஒரு போலீஸ்காரரை போயி தண்ணி பாச்சச் சொல்லுவாவ. அந்த ஆளு யூனிஃபார்மோட வயல்ல நிக்கிறதப் பாத்து உங்க அம்மா சிரிப்பாவ, கொஞ்ச நேரத்துல கண்ணையும் தொடப்பாவ.

கேள்வி: ரேட்டிங் பாத்துப் படம் பாக்கலாமா?
(வாசகர், தென்காசி)

பெரிய படத்துக்குப் பாருங்க. சின்னப் படத்தப் பாத்தவங்களே கொஞ்சப் பேருதான், அதுல பத்துப் பேரு போட்ட ஸ்டாரை வச்சு என்ன முடிவுக்கு வர?

கேள்வி: நீங்க சொல்லுற மாதிரிப் படமெல்லாம் ரொம்ப மெதுவா போவுது, பத்து நிமிஷத்துல போனை எடுத்துருதேன். குறை என்கிட்டயா படத்துகிட்டயா?
(வாசகர், வள்ளியூர்)

ரெண்டு பக்கமும் குறை சொல்ல மனசில்ல. நீளம் கம்மியான ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க. 'கூழாங்கல்' ஒண்ணேகால் மணி நேரந்தான், பி.எஸ். வினோத்ராஜோட மொதப் படம், 2021ல ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு. ஒரு குடிகார அப்பனும் சின்னப் பயலும் வெயில்ல நடந்து வாராவ, அவ்வளவுதான் நடக்கு. ஆனா நீங்க போனை அடுத்த ரூம்ல வச்சுட்டு, ஃபேன் சத்தம் மட்டும் கேக்குற மத்தியான நேரத்துல பாருங்க, பத்து நிமிஷத்துல உங்க நாக்கு வறண்டுரும். தாகத்துக்கு அந்தப் பய ஒரு கூழாங்கல்ல எடுத்து வாயில போட்டுக்கிட்டே நடப்பான், அதைப் பாக்கையில சின்னப்புள்ள விளையாட்டுன்னு நெனப்போம். அவன் வீட்டுக்குப் போன பெறவு அந்தக் கல்ல எங்க கொண்டு வைக்கான்னு மட்டும் கவனிச்சுப் பாருங்க, இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.

கேள்வி: ஓடாத படம்னாலே ஏதோ ஒரு குறை இருக்கும்லா அண்ணாச்சி? நல்லா இருந்தா சனம் பாக்காமயா போயிருவாவ?
(வாசகர், மேலப்பாளையம்)

சனம் வேண்டாம்னு சொல்லணும்னா மொதல்ல அது சனத்து கண்ணுல படணும்லா. வெள்ளிக்கிழமை வரும், காலையில ஒரே ஒரு காட்சி கிடைக்கும், வேலை வெட்டி இருக்குறவன் பதினொரு மணிக்கு எப்படிப் போவான்? ஒருத்தரு பாத்துட்டு நாலு பேருகிட்ட சொல்லி அந்த நாலு பேரு கிளம்புறதுக்குள்ள அடுத்த போஸ்டர் ஒட்டிருவாவ.

2018 ஆகஸ்டுல 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்துச்சு. லெனின் பாரதி டைரக்‌ஷன், தேனி ஈஸ்வர் கேமரா, இளையராஜா மியூசிக், விஜய் சேதுபதி தயாரிப்பு. ஒரு துண்டு நெலம் வாங்கணும்னு ஆசைப்படுற ரெங்கசாமிங்கிற கூலித் தொழிலாளியோட கதை. நான் போன தியேட்டர்ல என்னையும் சேத்து நாலே டிக்கெட்டு, ஆளு சேந்தாத்தான் போடுவோம்னுட்டாவ. எனக்குப் பொறுக்கல, எதுத்தாப்புல டீக்கடையில நின்ன ரெண்டு காலேஜ் பயலுவளையும், வாழைத்தார் இறக்கிட்டு துண்டோட உக்காந்திருந்த ஒரு பெரியவரையும் நானே டிக்கெட் எடுத்துத் தாரேன்னு கூப்ட்டுட்டுப் போனேன். படம் போட்டாவ.

ரெங்கசாமி ஏலக்கா மூட்டையத் தூக்கிட்டு மலையில இறங்குறப்ப பின் சீட்டுல இருந்து அந்தப் பெரியவரு மெல்ல, பையப் பையன்னு சொல்லிட்டே இருந்தாரு. மூட்டை கை நழுவி உருண்டுச்சு பாருங்க, மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு, படம் நடக்குங்கிறதே அவருக்கு மறந்து போச்சு. கடைசில அந்த மண்ணுல கரண்டு எடுக்குற காத்தாடி சுத்தும், பணகுடி காவல்கிணறு பக்கம் நம்ம தெனம் பாக்குற அதே காத்தாடிதான், தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல.

வெளிய வந்ததும் அந்தப் பெரியவரு, நாளைக்கும் போடுவாவளா, வீட்டுல கூட்டிட்டு வரணும்னு கேட்டாரு. போடுவாவன்னு நம்பித்தான் நானும் சொன்னேன். மறுநாள் அந்த வழியா போவையில வேற படத்து போஸ்டர் ஒட்டிட்டு இருந்தாங்க, பசை கூடக் காயல.