புகையே பிடிக்காத அம்மாவுக்கு ஏன் இந்த இளைப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. இருபது வருடங்களாக வீட்டோடு சேர்ந்த தாழ்வாரத்தில் விறகடுப்பு வைத்து இட்லிக் கடை நடத்துகிறார். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. போன மார்கழியில் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஊதிப் பார்க்கும் சோதனை செய்து, 'சி.ஓ.பி.டி.' (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். பழகினால் விட முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதால், இளைப்பு வரும்போது மட்டும் அடித்துக்கொள்கிறார். பீடி, சிகரெட் எதையும் தொடாதவருக்கு இது எப்படி வந்தது? பீடி பிடிக்கும் அப்பாவுக்கும் காலையில் விடாத இருமல். என்ன செய்வது?
ஒரு மகள், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மா பீடியைத் தொட்டதில்லை, சரி. ஆனால் இருபது வருடம் விடியற்காலையில் அடுப்பின் முன் குனிந்து, ஈர விறகு பற்றாமல் ஊதுகுழலால் ஊதி ஊதி, கண்ணில் நீர் வழிய அவர் உள்ளே இழுத்ததும் புகைதானே? பீடிப் புகைக்கும் அடுப்புப் புகைக்கும் நுரையீரல் பேதம் பார்ப்பதில்லை. மூச்சுக்குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன, காற்றுப் பைகளின் சுவர்கள் சிதைகின்றன. இழுத்த காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. மறு மூச்சுக்கு இடமில்லாததால்தான் படியேறும்போது அந்தத் தவிப்பு.

சிதைந்த பகுதியைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற நிறைய வழி உண்டு. அதில் முதலாவது, இன்றைக்கே செய்யக்கூடியது, அந்த அடுப்பை மாற்றுவது. கேஸுக்கு மாறினால் செலவு கூடும், தெரியும். ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆகிறது என்றும் கணக்குப் பாருங்கள். உடனே முடியாதென்றால் தாழ்வாரத்திலிருந்து திறந்த வெளிக்கு அடுப்பைக் கொண்டுபோங்கள். காய்ந்த விறகு மட்டும் வையுங்கள், அடுப்பு மூட்டும் வேலையை வேறொருவர் செய்யட்டும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, குப்பை எரிப்பது எல்லாமே அம்மாவுக்கு ஆகாது. போகிப் பண்டிகையன்று காலையில் அவரை வெளியே விடாதீர்கள்.

அடுத்து இன்ஹேலர். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அது போதைப்பொருள் இல்லை. மாத்திரையில் போகும் அளவில் சிறு பங்கு மருந்துதான் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. தினமும் தவறாமல் எடுக்க வேண்டிய இன்ஹேலர் வேறு, திடீர் இளைப்புக்கு எடுப்பது வேறு. அம்மாவிடம் இருப்பது எது என்று டாக்டரிடம் கேட்டு, அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம், உங்கள் எதிரில் ஒரு தடவை அவரை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அழுத்தியதும் வாயோரத்தில் வெள்ளைப் புகை போல் எழும்புகிறதா? அப்படியென்றால் மருந்து வீணாகிறது. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுத்து முடித்ததும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். கை, மூச்சு இரண்டும் ஒத்துவராவிட்டால் 'ஸ்பேசர்' என்ற குடுவையைப் பொருத்திக்கொள்ளலாம். குப்பி இன்ஹேலர் இல்லாமல் பொடி கேப்ஸ்யூல் போடும் வகை என்றால் மெதுவாக இழுக்கக் கூடாது, வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் புண் வரும்.

மார்கழியில் வந்ததைப் போன்ற தாக்குதல் ஒவ்வொன்றும் நுரையீரலை ஒரு படி கீழே இறக்கிவிடும். அதனால் ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வழக்கத்தைவிட மூச்சுத் திணறல் கூடினாலோ, சளி அதிகமானாலோ, அதன் நிறம் மஞ்சள், பச்சை என்று மாறினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பேச்சு பாதியில் நின்று மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், குழப்பமோ அசாதாரணத் தூக்கமோ தெரிந்தால் காத்திருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். ஒன்று முக்கியம்: வீட்டில் நீங்களாகவே ஆக்சிஜன் சிலிண்டர் வைக்காதீர்கள். இந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதம் வரைதான் இலக்கு. அளவுக்கு மீறிக் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து ஆபத்தாகும்.

மூச்சு வாங்குகிறதே என்று அவரை உட்காரவைத்துவிடாதீர்கள். கால் தசை தளர்ந்தால் இளைப்பு இன்னும் கூடும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்ச தூரம் நடக்கட்டும். நடக்கும்போது மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடப் பழக்குங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலை இருமலை 'பீடி இருமல்' என்று விட்டுவிடாதீர்கள். அணையாமலிருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருப்பதால் பீடியிலிருந்து தாரும் நிகோடினும் ஏராளமாக உள்ளே போகின்றன. அவர் வீட்டுக்குள் பிடிப்பது அம்மாவின் நெஞ்சுக்கும் போகிறது. எந்த வயதில் நிறுத்தினாலும் நுரையீரல் கெடும் வேகம் குறையும். 1800 11 2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை சொல்கிறார்கள். நிகோடின் சூயிங்கமும் மாத்திரைகளும் டாக்டர் மேற்பார்வையில் கிடைக்கும்.

அம்மா செய்துகொண்ட, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை அப்பாவுக்கும் செய்துவிடுங்கள். சிறு வயதில் அதே அடுப்படியில் நீங்களும் இருந்திருப்பீர்கள். இருமலோ இளைப்போ இருந்தால் அவரோடு நீங்களும் ஊதிப் பார்த்துவிட்டு வாருங்கள்.