அலங்காநல்லூரில் ஆப்பிள் பூக்குமா?

கேள்வி: கொடைக்கானலில் வாங்கிய ஆப்பிள் கன்றை எங்கள் தோட்டத்தில் நட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கிளை நுனியில் மட்டும் துளிர்க்கிறது. கீழுள்ள மொட்டுகள் அப்படியே நிற்கின்றன. பூவே இல்லை. உரக்கடையில் ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கச் சொல்கிறார்கள். தெளிக்கலாமா?
– வாசகர் ஒருவர், அலங்காநல்லூர்

பதில்: தயவுசெய்து தெளிக்க வேண்டாம். ஜிப்ரலிக் அமிலம், அதாவது ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஹார்மோன், மொட்டைத் துளிர்க்கத் தூண்டும் என்பது உண்மையே. ஆனால் ஆப்பிளில் அதே ஹார்மோன் அடுத்த பருவத்துக்கான பூமொட்டு உருவாவதைத் தடுத்துவிடும். மாமரத்தின் வேரில் ஊற்றப்படும் பேக்லோபுட்ரசால் என்னும் மருந்துகூட, மரத்துக்குள் ஜிப்ரலின் உற்பத்தியைக் குறைத்துத்தான் பூக்க வைக்கிறது.

உங்கள் மரத்தில் இரண்டு தடைகள் சேர்ந்திருக்கக்கூடும். நுனி மொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைப்பது முதலாவது. நுனியைக் கவாத்து செய்தாலோ, கிளையைப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டினாலோ இது தளரும். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்துக்குப் பின் பன்னீர் திராட்சை துளிர்ப்பதற்கும் இது ஒரு காரணம்.

இரண்டாவது, மொட்டுக்குள்ளேயே இருக்கும் உறக்கம், இதுதான் கடினமானது. உறக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான அப்சிசிக் அமிலம் மிகும்போது, மொட்டின் உயிரணுக்களை இணைக்கும் நுண்வழிகள் காலோஸ் என்னும் பொருளால் அடைபடுவதைப் பாப்லர் மரத்தில் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள்; அடைப்பு இருக்கும்வரை, வளரச் சொல்லும் செய்தி உள்ளே எட்டாது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிர் சேரச் சேரத்தான் இந்த உறக்கம் கலையும். இமாசலத்து ரகங்கள் பலவற்றுக்குச் சுமார் 1,000 மணி நேரக் குளிர் வேண்டும். இஸ்ரேலில் உருவான அன்னா ரகத்துக்கு 200 முதல் 300 மணி நேரம் போதும். மதுரையிலோ மார்கழி இரவும் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

இருந்தும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பத்து (Batu) என்னும் ஊரையொட்டிய மலைப்பகுதியில், அறுவடை முடிந்த சில வாரங்களில் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள்; ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகும் முன்பே மொட்டுகள் துளிர்த்துப் பூப்பதால், ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுக்க முடிகிறது. அது நம் சமவெளியைவிடக் குளிர்ந்த இடம் என்றாலும், உங்களுடையது குளிர் குறைவாகத் தேவைப்படும் ரகமானால், முற்றிய இலைகளை உருவிக் கிளைகளை வளைத்துக் கட்டிப் பாருங்கள். அதற்கு முன், அது ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். விதைக்கன்றாயின், குளிர்ப் பிரதேசத்திலும் நான்கு ஆண்டுகளில் பூப்பது அரிது.